தனியாக வாங்க முடியாத கருவி

இலக்கியம் பேசுகிற இடத்தில் மின்னணுக் கருவிகளின் விலைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்டும் விட்டார்கள். எங்களிடம் இருந்தது 60,000 ரூபாய், நாங்கள் நால்வர். அந்தத் தொகையை எப்படிச் செலவிடுவது என்பதில் எங்களுக்குள் ஏழு மாதம் வாக்குவாதம் நடந்தது. அதில் பேசப்பட்டவை கருவிகள் மட்டுமல்ல என்பதனால்தான் இதை இங்கே எழுதத் துணிகிறோம்.

நாங்கள் போடிநாயக்கனூர்க்காரர்கள். ஒருவர் ஏலக்காய் வணிகர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் செல்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர், ஒருவர் வங்கி ஊழியர். நால்வருக்கும் பொதுவான நோய் பறத்தல். இயந்திரம் இல்லாமல் பறத்தல் என்று சொல்லவேண்டும். மழை ஓய்ந்த மாதங்களில் மலையைக் கடந்து வாகமண்ணுக்குச் செல்வோம். பாராகிளைடர் கற்றுக்கொண்டது அங்கேதான். வங்கி ஊழியர் மட்டும் பூனாவில் பணியாற்றிய ஆண்டுகளில், அங்குள்ள கிளைடிங் மையத்தில், இறக்கை விரித்த முழுக் கிளைடரில் வின்ச் கயிற்றால் இழுத்து ஏற்றப்பட்டுப் பறந்தவர். ஆகையால் எங்கள் பேச்சில் 'காக்பிட்' என்ற சொல்லுக்கு எப்போதும் இரண்டு பொருள். அவருக்கு அது கண்ணாடிக் கூரையும் ஊசிக் கருவிகளும் உள்ள ஒரு குறுகிய அறை. மற்ற மூவருக்கும் அது மடியில் கட்டிக்கொள்ளும் ஒரு பை. மேலே ஒரு சாய்ந்த துணிப்பலகை, அதில் வெல்க்ரோவால் ஒட்டிய இரண்டொரு கருவிகள். பாராகிளைடர் ஓட்டுகிறவர்களும் அதைக் காக்பிட் என்றே அழைக்கிறார்கள். சிரிப்பு வரத்தான் செய்யும்.

எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேற்கே மலை ஒரு சுவரைப்போல் எழுந்து நிற்கும். அந்தச் சுவரின் தலையில் ஏலத்தோட்டங்கள், அதற்கும் வடக்கே கொழுக்குமலை, 2,640 மீட்டர் உயர மீசைப்புலிமலை. காலை வெயில் முதலில் படுவது நம் பக்கத்துச் சரிவில். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கருடன்கள் இறக்கையை அசைக்காமல் அந்தச் சரிவின்மேல் சுற்றிச் சுற்றி ஏறுவதைப் பேருந்து நிலையத்திலிருந்தே பார்க்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை வேறு. காற்று கேரளப் பக்கத்திலிருந்து முகட்டைத் தாண்டி நம் பக்கம் கவிழ்ந்து விழும், கவிழும்போது சுழலும். பறப்பவர்கள் மிகவும் அஞ்சுவது அந்தச் சுழலைத்தான். ஆனால் எந்த மாதமானாலும் இந்தச் சரிவில் நாங்கள் பறப்பதில்லை. பெரும்பகுதி காப்புக்காடு. 2018 மார்ச் 11-இல் குரங்கணியில் மலையேறியவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, இந்த மலையில் கால் வைக்கும் எவரையும் வனத்துறை கணக்குக் கேட்பது நியாயமே. ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையை நாங்கள் பார்ப்பதோடு சரி. ஆனால் கருவிகளைச் சோதித்துப் பார்க்க அது பயன்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் வாக்குவாதம் தொடங்கிய இடம் வேரியோமீட்டர். இயந்திரமற்ற பறத்தலின் ஆதாரக் கருவி அது. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதை மனித உடல் அறியாது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. வேகம் மாறும் கணத்தை உடல் அறியும். மின்தூக்கி புறப்படும்போதும் நிற்கும்போதும் வயிறு உணர்வது அதைத்தான். நடுவில் சீராக ஏறிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது. காற்றிலும் அப்படித்தான். அதனால் காற்றழுத்தம் குறைகிறதா கூடுகிறதா என்று பார்த்து, ஏற்றத்தை ஊசியாலோ ஒலியாலோ சொல்லும் கருவி வேண்டியதாயிற்று. பலூன்காரர்கள் வைத்திருந்ததை 1920-களின் இறுதியில் ஜெர்மனியில் லிப்பிஷ் சொன்ன யோசனையின்படி ராபர்ட் க்ரோன்ஃபெல்ட் கிளைடரில் எடுத்துச்சென்றார். மலைமுகட்டை விட்டு விலகி, வெட்டவெளியில் வெப்பக் காற்றை மட்டுமே நம்பிப் பறக்கலாம் என்ற துணிவு அதன்பின் வந்தது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு மரபு உண்டு. அதிகம் பேசப்படாத மரபு. சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் தில்லியில் சிவில் விமானத்துறையின் தொழில்நுட்ப மையம் சொந்தமாகக் கிளைடர்களை வடிவமைத்தது. முன்னின்று செய்தவர்களில் ஒருவர் எஸ். ராமாமிருதம். அவற்றுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரம், ஆர்த்ரா. நட்சத்திர வரிசை மாறாமல் வருகிறது. 1958-இல் அசுவினி பறந்தது, 1979-இல் ஆர்த்ரா. நம் ஊர்க் கணக்கில் ஆர்த்ரா என்பது திருவாதிரை. அத்தோடு வரிசை நின்றுவிட்டது, புனர்பூசம் பிறக்கவேயில்லை. வங்கி நண்பர் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒருமுறை பெருமூச்சு விடுவார். அந்தக் கிளைடர்களின் காக்பிட்டில் வேகமானி, உயரமானி, வேரியோ, திசைகாட்டி என்று நாலைந்து ஊசிகள். கண்ணாடிக் கூரைக்கு வெளியே ஒட்டிய ஒரு முழம்கூட இல்லாத கம்பளி நூல். இறக்கை காற்றை நேராக வெட்டுகிறதா, பக்கவாட்டில் நழுவுகிறதா என்பதை அந்த நூல் சொல்லிவிடும். இன்றும் உலகின் மிக விலையுயர்ந்த கிளைடர்களில் அந்த நூல் இருக்கிறது. அது இன்னும் வழக்கொழியவில்லை என்பது எங்களுக்கு ஒருவகை ஆறுதல்.

பள்ளி ஆசிரியரின் கட்சி: ஒரே ஒரு நல்ல வேரியோ. வெளிநாட்டுத் தயாரிப்பு, வண்ணத் திரை, வரைபடம், எல்லாம் சேர்ந்தது. அன்றைக்குப் பறப்பவர் எடுத்துச்செல்லட்டும், மற்றவர் காத்திருக்கட்டும். 60,000 அதற்கே ஏறத்தாழச் சரியாகிவிடும். செல்பேசிக் கடைக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். காற்றழுத்தம் அளக்கும் சில்லு இப்போது நகத்தளவு. சில நூறு ரூபாய். ஒரு மில்லிபார் குறைந்தால் எட்டு ஒன்பது மீட்டர் ஏறிவிட்டோம் என்று பொருள். நல்ல சில்லு பத்து இருபது சென்டிமீட்டர் ஏற்றத்தையும் உணர்ந்துவிடும். அதோடு ஒரு சிறு கணிப்பொறிச் சில்லும் ஒலிப்பானும் சேர்த்தால் வேரியோ. அவர் தம் கடை மேசையிலேயே ஒன்றைப் பற்றவைத்துக் காட்டினார். மாடிப்படியில் ஏறினால் கீச்சிட்டது, இறங்கினால் முனகியது. விலை உயர்ந்தவற்றுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லாமல் இல்லை. கிளைடர் ஒன்று வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கினாலும் ஏறும்; அது காற்று தந்த ஏற்றமன்று, சேமித்த வேகத்தைச் செலவழித்த ஏற்றம். அந்தப் பொய் ஏற்றத்தைக் கழித்துக் காட்டுவதற்கு முழுக் கிளைடரில் தனி ஏற்பாடு வேண்டும். பாராகிளைடரின் வேகம் மணிக்கு 36, 38 கிலோமீட்டரைச் சுற்றியே நிற்பதனால் அந்தக் கவலை குறைவு. ஏழைக்கு ஏற்ற ஊர்தி என்று சொல்லலாம்.

அடுத்தது திரை. இங்கே இந்தப் பக்கத்தின் வாசகர்கள் நிமிர்ந்து உட்காரலாம். வெயிலில் செல்பேசித் திரையைப் படிக்க முடியாது. வெளிச்சத்தைக் கூட்டினால் சூடேறி, மின்கலம் தீர்ந்து, மிகத் தேவையான நேரத்தில் அணைந்துவிடும். இதற்கு உலகெங்கும் கிளைடர் ஓட்டிகள் கண்ட தீர்வு மின்நூல் படிப்பான். நாவல் படிக்க விற்கப்பட்ட கோபோ படிப்பான்களைப் பழையதாக வாங்கி, எக்ஸ்சிசோர் என்ற மென்பொருளை ஏற்றி, ஜிபிஎஸ் இணைத்துவிட்டால், அது வரைபடம் காட்டும் காக்பிட் கருவி. மின்மைத் திரை என்பதால் வெயில் ஏறஏற எழுத்து தெளியும். அந்த மென்பொருள் ஒருகாலத்தில் விற்பனைக்கு இருந்தது. 2005-இல் எவரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று பொது உரிமத்தில் திறந்துவிட்டார்கள். இன்றுவரை தன்னார்வலர்கள் பேணுகிறார்கள். ஆசிரியரிடம் பழைய கோபோ ஒன்று இருந்தது. அதில் அவர் ஏற்றிவைத்திருந்த ருஷ்ய நாவல்கள் இருநூறுக்கு மேல். 'நாவல்களை அழிக்காமல் செய்ய முடியுமா' என்றுதான் முதலில் கேட்டார். முடியும் என்றறிந்த பிறகே கருவியைக் கையைவிட்டுக் கொடுத்தார். இப்போதும் இறங்கிய பிறகு, வண்டி வரும்வரை புல்லில் சாய்ந்து அதே திரையில் படித்துக்கொண்டிருப்பார்.

வேரியோவும் திரையும் இப்படிச் சில ஆயிரங்களில் முடிந்தது. மீதிப் பணத்துக்குத்தான் உண்மையான சண்டை.

பறப்பதில் மோதல் என்றதும் பெரிய விமானமோ அந்நியரோ வந்து இடிப்பதாகத்தான் எவரும் கற்பனை செய்வார்கள். இயந்திரமற்ற பறத்தலில் நடப்பது வேறு. வானம் பரந்தது, ஆனால் ஏறும் காற்று சிறிய இடங்களில்தான் இருக்கிறது. ஒரு தெர்மலின் நடுவிலோ, ஒரு முகட்டின் விளிம்பிலோ எல்லோரும் வந்து சேர்கிறார்கள். ஒன்றாகப் புறப்பட்டவர்கள், ஒரே கருடனைப் பார்த்து ஒரே இடத்துக்கு விரைகிறவர்கள். ஆக, நம்மீது மோதக்கூடியவர் பெரும்பாலும் நம் நண்பர். இதைச் சொன்னபோது நால்வரும் சற்று நேரம் பேசவில்லை.

விதிகள் இருக்கின்றன. தெர்மலில் முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, பின்னால் வருபவரும் அதே பக்கம் சுற்றவேண்டும். முகட்டோரம் எதிரெதிரே வந்தால் மலையை வலக்கையில் வைத்திருப்பவருக்கே முன்னுரிமை. அவரால் மலைப்பக்கம் ஒதுங்க முடியாது. ஆனால் விதி பார்த்தவருக்குத்தான். பாராகிளைடரில் தலைக்கு மேலே துணி. மேலே இருப்பவர் தெரியார். கிளைடரில் மூக்குக்குக் கீழேயும் வாலுக்குப் பின்னும் தெரியாது. இரண்டு பாராகிளைடர்கள் நேரெதிராக வந்தால் நொடிக்கு 20 மீட்டர் நெருங்குகின்றன. 200 மீட்டர் தொலைவில் கண்டால் 10 நொடி. இரண்டு கிளைடர்கள் மணிக்கு 108 கிலோமீட்டரில் வந்தால் நொடிக்கு 60 மீட்டர். நேராக வரும் பொருளின் கொடுமை, அது கண்ணுக்கு இடம்பெயர்வதில்லை. ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசி நொடிகளில் திடீரெனப் பெருக்கிறது. 2024 அக்டோபர் இறுதியில் இமாசலத்தின் பீர்–பில்லிங்கில் இரண்டு பாராகிளைடர்கள் காற்றில் மோதி பெல்ஜிய நாட்டவர் ஒருவர் இறந்தார். பழக்கமில்லாதவர்கள் கூடும் இடமன்று அது. 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பையின் ஒரு சுற்று நடந்த இடம்.

ஆல்ப்ஸ் மலைகளில் இப்படி நேர்ந்த சாவுகளைக் கண்டு, கிளைடர் ஓட்டிகளே ஆன சுவிட்சர்லாந்துப் பொறியாளர்கள் இருவர் 2004 வாக்கில் உருவாக்கிய கருவி ஃப்ளார்ம். அதன் சூத்திரம் எளியது. ஒவ்வொரு கருவியும் ஜிபிஎஸ் மூலம் தன் இடத்தையும், காற்றழுத்தத்தால் தன் உயரத்தையும் அறிந்து, அடுத்த சில நொடிகளில் தான் எங்கே இருக்கப்போகிறது என்று கணித்து, அதை வானொலி அலையாக நொடிக்கொருமுறை சுற்றிலும் சொல்லிக்கொண்டே இருக்கும். அருகிலுள்ள கருவி அதைக் கேட்டு, தன் பாதையோடு ஒப்பிட்டு, இரண்டும் வெட்டிக்கொள்ளும் என்றால் மட்டுமே கூவும். வெறும் அருகாமைக்குக் கூவுவதில்லை. அப்படிக் கூவினால் கூட்டமான தெர்மலில் ஓயாது கத்தி, நாம் அதை அணைத்துவிடுவோம் அல்லவா. ஐரோப்பாவில் அது ஏறக்குறைய எல்லாக் கிளைடர்களிலும் பரவிவிட்டது. விலைதான் இடிக்கிறது: இன்றைய முழு வடிவம் ஆயிரம் யூரோவைத் தாண்டுகிறது.

ஆசிரியர் மறுபடியும், 'அப்படியானால் ஒன்றாவது வாங்குவோம்' என்றார். ஏலக்காய் வணிகர் அதுவரை அதிகம் பேசாதவர். அன்று பேசினார். 'அண்ணே, ஒத்தையா வாங்கினா அது செல்லாத காசு. நீங்க கூவுறதைக் கேக்க எதிர்ல ஆள் வேணாமா?' என்றார்.

அந்தக் கேள்வியோடு வாக்குவாதம் தலைகீழானது. மற்ற கருவிகள் எல்லாம் வாங்கியவருக்குப் பயன் தருபவை. வேரியோ என்னிடம் இருந்தால் நான் ஏறுவேன். உன்னிடம் இல்லையென்றால் அது உன் பாடு. இந்தக் கருவியோ, என்னிடம் மட்டும் இருந்தால் எடை. நல்லது ஒன்றா, சுமாரானது நான்கா என்று கேட்டால், மற்றெதற்கும் 'நல்லது ஒன்று' என்பதே எங்கள் நால்வரின் இயல்பான பதில். இதற்கு மட்டும் கணக்கு மாறிவிட்டது.

போடிமெட்டுச் சாலையில் ஏறியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். விடிகாலையில் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் ஹாரன் அடிப்பார். எதிரே எவரும் வருகிறாரா என்பது அவருக்குத் தெரியாது. வருகிறவர் கேட்பதற்காக, இன்னும் கண்ணில் படாத ஒருவருக்காக அடிக்கிறார்.

மலிவான வழியைச் செல்பேசிக் கடைக்காரர் கண்டெடுத்தார். ஜிபிஎஸ், நெடுந்தொலைவு லோரா வானொலி, கணிப்பொறிச் சில்லு மூன்றும் ஒரே பலகையில் அமைந்த டி-பீம் என்ற வகைப் பலகைகள் கிடைக்கின்றன. நாங்கள் வாங்கியபோது ஒன்று 4,000 ரூபாய்க்குள் அடங்கியது. அதில் சாஃப்ட்ஆர்எஃப் என்ற திறந்தமூல மென்பொருளை ஏற்றினால், அருகிலுள்ள அதே வகைக் கருவிகளின் இடத்தையும் உயரத்தையும் வாங்கி, கோபோ திரைக்கோ செல்பேசிக்கோ அனுப்பும். ஐந்து வாங்கினோம். மூடியோடு கூடிய சாப்பாட்டு டப்பாக்களில் பஞ்சு வைத்துப் பொருத்தினோம். அழகு என்று சொல்ல மாட்டோம்.

சோதனை போடிமெட்டுச் சாலையில் நடந்தது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள், நால்வர், ஆளுக்கொரு டப்பா. ஒருவர் அடிவாரத்தில் முந்தலில் நின்றுகொண்டார். ஒருவர் மேலே மெட்டில். இருவர் வளைவுகளில் ஏறி இறங்கினார்கள். நேர்ப்பார்வை இருந்த இடங்களில் வியப்பாக இருந்தது. மெட்டின் விளிம்பில் நின்றவரின் திரையில், கீழே முந்தலில் டீக்கடை வாசலில் நின்றவர் புள்ளியாகத் தெரிந்தார். அவர் சாலையைக் கடந்ததும்கூடத் தெரிந்தது. ஆனால் வளைவுக்கு வளைவு புள்ளிகள் மறைந்தன. இரண்டு வண்டிகளுக்கு நடுவே நூறு மீட்டர்கூட இல்லை, ஆனால் இடையில் பாறை முகடு, கருவி ஊமையாகிவிட்டது. வளைவைச் சுற்றி முகம் தெரிந்த பிறகு புள்ளியும் தெரிந்தது. ஹாரன் ஒலி பாறையைச் சுற்றி வளைந்து வருகிறது, இந்த அலைவரிசை வருவதில்லை. டப்பாவை முதுகுப்பையில் வைத்தவரின் குறி முன்னாலிருப்பவருக்குப் பாதித் தொலைவிலேயே அற்றுப்போனது: மனித உடல் நீர்மூட்டை, இந்த அலையைக் குடித்துவிடுகிறது. அன்றிலிருந்து டப்பா முதுகில் இல்லை, மடிப்பையின் முன்விளிம்பில், ஆண்டெனா செங்குத்தாக.

இந்த ஒருநாள் சோதனை எந்த விளம்பரத் தாளும் சொல்லாததைச் சொல்லிவிட்டது. கருவி உதவுவது திறந்த வெளியில்: வெயிலுக்கு எதிராக வருபவர், தலைக்கு மேலே துணியில் மறைந்தவர், மேகத்தடியில் நெருங்குபவர். முகட்டின் மூக்கைச் சுற்றி எதிரே வருபவரை அது சொல்லாது. அங்கே மலையை விட்டு விலகி அகலமாகத் திரும்புவதுதான் வழி. ஒரே தெர்மலில் இருபது மீட்டர் இடைவெளியில் நால்வர் சுற்றும்போதும் அதனால் பயனில்லை. ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும், செய்தி ஒரு நொடி பழையது. அங்கே கழுத்தைத் திருப்பிப் பார்க்கத்தான் வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் ஃப்ளார்ம் பேசுவது 868.2, 868.4 மெகாஹெர்ட்ஸில். இந்தியாவில் உரிமமின்றிச் சிறு கருவிகள் பேச 2005-இல் திறந்துவிடப்பட்டது 865 முதல் 867 வரை; பின்னர் 868 வரை நீட்டினார்கள். மயிரிழையில் ஐரோப்பியக் கருவி வெளியே நிற்கிறது. வெளிநாட்டு நண்பர் பரிசாகக் கொடுத்த கருவியை அப்படியே முடுக்கினால் விதிமீறல்; இந்தியா என்று அமைப்பில் மாற்றிவிட்டே முடுக்கவேண்டும். எங்கள் டப்பாக்களில் முதலில் செய்தது அதைத்தான். இதைவிடக் கடுமையானது செயற்கைக்கோள் செய்திக் கருவி. வெளிநாட்டுப் பறப்பவர்கள் அதை உயிர்காப்பாக எப்போதும் வைத்திருப்பார்கள். நம் நாட்டில் முன் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடா நாட்டுப் பெண் ஒருவர் அத்தகைய கருவியோடு பிடிபட்டுக் கைதானார். பாதுகாப்புக் காரணங்களை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் செல்பேசிக் கோபுரம் எட்டாத மலைமடிப்பில் விழுந்தவரைத் தேடுவதற்கு அதற்கீடாக எளிய அனுமதி முறை ஒன்றாவது இருக்கவேண்டும் என்று கேட்பது தவறாகாது. அது இல்லாத நிலையில் டப்பாக்களின் இரண்டாவது பயன் எங்களுக்குப் பெரிதாகிவிட்டது: ஒருவர் எங்காவது இறங்கிவிட்டால், அவருடைய கடைசிப் புள்ளி மற்ற மூவரின் திரையிலும் பதிந்திருக்கும்.

திறந்தமூலத்தை நம்பலாமா என்று ஆசிரியர் கேட்டது சரியான கேள்வி. ஃப்ளார்ம் நிறுவனத்தின் மொழி மூடியது, மறையாக்கம் செய்யப்பட்டது. அதன் மென்பொருளை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்காவிட்டால் கருவி நின்றுவிடும். பழையதும் புதியதும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் போவதைத் தடுக்கத்தான் அப்படி என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. உயிர் சம்பந்தப்பட்ட மொழி ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் இருக்கலாமா என்பது மறுவாதம்; எங்கள் சாய்வு அந்தப் பக்கம். ஐரோப்பிய வான்பாதுகாப்பு முகமை 2022 டிசம்பரில் ஏடிஎஸ்-எல் என்ற பொது மொழி ஒன்றை வெளியிட்டது, எவரும் பயன்படுத்தலாம் என்று. அது எவ்வளவு தூரம் பரவும் என்பதைப் பொறுத்துத்தான் எங்கள் டப்பாக்களின் ஆயுள். இப்போதைக்கு அவை தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்கின்றன. முறையான ஃப்ளார்மோடு ஒருவர் வந்தால் அவர் எங்களைக் காண்பார் என்று நாங்கள் எவருக்கும் உறுதி சொல்வதில்லை.

பேசவே தெரியாதவையும் வானில் உண்டு. கருடன் பேசாது, அதற்குத் தேவையுமில்லை, அது நம்மைவிட நன்றாகப் பார்க்கிறது. கம்பிகள் பேசா. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடி வரை ஒருகாலத்தில் தேயிலைப் பெட்டிகளை அந்தரத்தில் இறக்கிய கம்பிப்பாதை இருந்தது. மேலே மூணாறிலிருந்து வந்த சிறு ரயிலை 1924 வெள்ளம் அழித்துவிட்டது. அந்தக் கம்பி இன்று இல்லை, ஆனால் பள்ளத்தாக்குகளைக் கடக்கும் மின்கம்பிகள் எத்தனையோ. ஆல்ப்ஸில் அத்தகைய கம்பிகளின் பட்டியலையே ஃப்ளார்ம் கருவிக்குள் ஏற்றி எச்சரிக்கச் செய்கிறார்கள். நம் ஏலமலைக்கு அப்படியொன்றைத் தொகுக்க நாங்கள் தொடங்கியிருக்கிறோம். மோட்டார் சைக்கிளில் போகும்போதெல்லாம் ஒரு குறி. பிறகு வண்டிப்பெரியாறுக்கு அருகே சத்திரத்தில் என்சிசி மாணவர்களுக்காக அமைத்த 650 மீட்டர் ஓடுபாதை. இருமுறை முயன்று இயலாமல், 2022 டிசம்பர் 1-இல் வைரஸ் எஸ்டபிள்யூ-80 என்ற இருவர் அமரும் சிறுவிமானம் அங்கே இறங்கியது. ஏலமலையின் வானமும் இனி முற்றிலும் காலியன்று.

கணக்கைக் கேட்பவர்களுக்கு: வேரியோக்கள் நான்கு, டப்பாக்கள் ஐந்து, ஆசிரியருடையது போகப் பழைய படிப்பான்கள் மூன்று, மின்கலங்கள், உறைகள். எல்லாம் சேர்த்து 49,000 சொச்சம். மீதியை மாற்று மின்கலங்களுக்காக வணிகர் தம் பேரேட்டில் தனித்தாளில் எழுதிவைத்திருக்கிறார்.

நால்வருக்கு ஐந்து டப்பா எதற்கு என்று கடைக்காரப் பையன் கேட்டான். ஐந்தாவது, அன்றைக்கு மலைக்கு வந்துசேரும் அறியாத ஒருவருக்கு. புறப்படும் மேட்டில் நிற்பவரிடம் கொடுத்து, 'இதை முன்னால் கட்டிக்கொள்ளுங்கள், இறங்கியதும் தந்துவிடுங்கள்' என்போம். சிலர் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். சிலர், பொத்தான் எங்கே, திரை எங்கே என்பார்கள். அதில் திரை இல்லை, அவர் எதையும் காணமாட்டார், நாங்கள்தாம் அவரைக் காண்போம் என்று விளக்குவதற்குள் காற்று மாறிவிடும். சென்ற பருவத்தின் கடைசி வாரத்தில் கோழிக்கோட்டிலிருந்து வந்த ஓர் இளைஞர் அதைக் கட்டிக்கொண்டு பறந்தவர், இறங்கிய இடத்திலிருந்தே ஊருக்குப் போய்விட்டார். தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார், அஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னார். வேண்டாம், அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை வரும்போது மின்னேற்றிக் கொண்டுவாருங்கள் என்று வணிகர் சொல்லிவிட்டார். ஆறாவதற்குப் பலகை சொல்லியாயிற்று, இன்னும் வரவில்லை.